அறுபது வோல்ற்றும் ஒரு வேம்பு நிழலும்

வன்னியில் வெய்யிலுக்காகச் சண்டை பிடித்த மனிதர் எனக்குத் தெரிய ஒருவர்தான். மற்ற எல்லோரும் நிழலுக்குத்தான் சண்டை பிடிப்போம். அரச அலுவலாகக் கச்சேரிக்குப் போனாலும் சரி, கலியாண வீட்டுக்குப் போனாலும் சரி, வாகனத்தை விட ஒரு மரம் தேடுவதுதான் எங்களுக்கு முதல் வேலை. இந்த மனிதரோ மரத்தைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். தர்மபுரம் சந்தையடியில் ஒரு லொறிக்காரரோடு கைகலப்பு வரைக்கும் போனவர். லொறிக்காரர் செய்த குற்றம், தன் லொறியின் நிழல் இவருடைய ஓட்டோவின் மேல் விழும்படி நிறுத்தியதுதான்.

"அண்ணை, லொறியைக் கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ. வெய்யிலை மறைக்குது."

"நிழல் தந்ததுக்கு நீ எனக்குத் தேத்தண்ணி எல்லோ வாங்கித் தரவேணும், விசரா!"

"தேத்தண்ணி வாங்கித் தாறன். நீங்கள் லொறியை எடுங்கோ."

வாக்காளர் இடாப்பில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை அவருடைய மனைவி கமலமக்காவே மறந்துவிட்டதாகக் கேள்வி. விசுவமடு தொடங்கிப் பரந்தன் சந்தி வரைக்கும் அவர் வெய்யிலர். பஸ் கொண்டக்டர்கள்கூட அவர் வீட்டு ஒழுங்கை முனையில் "வெய்யிலரடி இறங்கு" என்றுதான் கத்துவார்கள்.

அப்போது நான் தர்மபுரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்; கேட்டாலும் சொல்ல மாட்டேன். பெரிய மணல் முற்றம், அதன் ஒரு பக்கத்தில் ஒரேயொரு வேம்பு. அந்த வேம்பு எங்கள் அலுவலகத்தின் மேலதிகாரி என்றே சொல்லலாம். காலையில் எல்லோரும் மோட்டார் சைக்கிளை அதன் கீழே விடுவோம். பதினொரு மணிக்கு நிழல் நகர்ந்துவிடும். யாராவது ஒருவர் வெளியே போய், எல்லா வண்டிகளையும் நிழலோடு சேர்த்துத் தள்ளிவிட்டு வரவேண்டும். மூன்று மணிக்கு இன்னொரு தரம். யாருடைய வண்டி என்று பார்ப்பதில்லை. ஹாண்டில் லொக் போடுகிறவன் எங்கள் முற்றத்தில் மனிதனாகவே மதிக்கப்பட மாட்டான். கோப்புகள் மாதக் கணக்கில் நகராமல் கிடந்த நாட்களிலும் மோட்டார் சைக்கிள்கள் நேரம் தவறாமல் நகர்ந்தன.

வெய்யிலர் ஓட்டோக்காரர். பெற்றோல் வரிசைக் காலத்தில் மூன்று நாள் வரிசையில் நின்றிருக்கிறார். மூன்றாம் நாள் அவருக்கு முன்னால் இரண்டே இரண்டு வாகனம் இருக்கும்போது 'பெற்றோல் இல்லை' என்ற பலகையைத் தூக்கி வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் கத்தினார்கள், சிலர் அழுதார்கள். இவர் ஓட்டோவை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, அன்றைக்கே என்ஜினைக் கழற்றி நிலத்தில் வைத்தார்.

"இனி என்ரை சீவியத்திலை ஒரு கியூவிலையும் நிக்கமாட்டன்," என்றாராம். "சூரியனுக்குக் கியூ இல்லை."

கமலமக்கா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாவாம்: "அப்ப சூரியன் வந்து உங்கடை ஓட்டோவை ஓட்டுமோ?"

ஓட்டும் என்பதுதான் அவருடைய கட்சி. வவுனியாவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் போய், உடைந்த மின்சார வண்டி ஒன்றின் மோட்டாரைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வோல்ற் பற்றரி ஐந்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, பின் சீற்றுக்குக் கீழே வைத்தார். மொத்தம் அறுபது வோல்ற். சோலர் தகடுகளுக்கு அவர் வெளியூர் போகவில்லை. யுத்தம் முடிந்து மீள்குடியேறிய புதிதில் வீடு வீடாகத் தகடு கொடுத்தார்கள். பிறகு கரண்ட் வந்தது. தகடுகள் மிளகாய் காயவிடப் பயன்பட்டன. அவருக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று விசுவமடுவில் ஒரு கோழிக்கூட்டுக்குக் கூரையாக இருந்தது. புதுத் தகரம் ஒன்றைக் கொடுத்து அதை வாங்கி வந்தார். கோழிகளுக்கும் திருப்தி என்று சொன்னார்.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஓட்டோவின் கூரையில் இரண்டு தகடுதான் கொள்ளும். இரண்டும் சேர்ந்து முப்பத்தாறு வோல்ற்தான் தரும். கீழே இருப்பதோ அறுபது வோல்ற் பற்றரி. முப்பத்தாறால் அறுபதை நிரப்ப முடியாது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். வோல்ற் என்றால் என்னவென்று தெரியாதவர்கள்தான் அதை அதிக உறுதியோடு சொன்னார்கள். எங்கள் பியோன் ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"வெய்யிலர், பள்ளத்துத் தண்ணி மேட்டுக்கு ஏறுமோ?"

"உம்மடை மிளகாய்த் தோட்டம் பள்ளத்திலையோ மேட்டிலையோ?"

"மேட்டிலை."

"கிணறு?"

"கிணறு பள்ளத்திலைதான். அதுக்கு மெசின் வைச்சு இறைக்கிறன்."

"நானும் மெசின் வைச்சுத்தான் இறைக்கப்போறன். வோல்ற் எண்டால் உயரம், அவ்வளவுதான். தகடு முப்பத்தாறு அடியிலை நிக்குது, பற்றரி அறுபது அடியிலை இருக்கு. நடுவிலை ஒரு பெட்டி வைச்சால் அது தூக்கிக் குடுக்கும். ஆனால் உயரம் ஏற ஏற வாற அளவு குறையும். குறைஞ்சால் என்ன? வருது எல்லோ!"

இதைவிடத் தெளிவாக இந்த விசயத்தை யாரும் எனக்கு விளங்கப்படுத்தியதில்லை. நாற்பது தரமாவது விளங்கப்படுத்தியிருப்பார். அந்த நாற்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் வெட்கப்படவேண்டிய இடம் வரும்.

பெட்டி கொழும்பிலிருந்து வந்தது. முதல்நாள் பூட்டியதும் புகைந்தது. அந்த நேரம் பார்த்து முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவந்து சந்தையில் விற்கும் ஜெசிந்தாக்கா பக்கத்தில் நின்றா. "ஐயோ மாதாவே!" என்று ஒரு சத்தம். மீன் கழுவிய தண்ணீர் ஒரு வாளி முழுவதும் பெட்டிக்குள் போனது. வேறு எந்தப் பெட்டியும் அத்தோடு பரலோகம் போயிருக்கும். வெய்யிலர் அதைப் பிரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நாலு நாள் காயவிட்டு, வயர் மாறிப் பூட்டியிருந்ததையும் திருத்தினார். அது வேலை செய்தது. ஆனால் அன்றிலிருந்து பெட்டி சூடேறினால் கருவாடு பொரிக்கும் மணம் வரும். ஓட்டோ எங்கே நின்றாலும் ஊர்ப் பூனைகள் அங்கே கூடும். ஒரு கறுத்தக் கடுவன் பூனை கூரையில் ஏறித் தகட்டின் மேலேயே படுத்துவிடும். பூனை படுத்தால் அந்தத் தகடு வேலை செய்யாது. ஒரு தகடு வேலை செய்யாவிட்டால் மற்றதும் சுணங்கும். இதனால் வெய்யிலர் எப்போதும் கையில் ஒரு பூவரசந் தடியோடு திரிந்தார். புதிதாக ஊருக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்துப் பயந்தார்கள்.

நல்ல வெய்யில் அடித்தால் ஒரு நாளுக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் அளவுக்குச் சார்ஜ் ஏறும். பற்றரி நிறைய ஆறு நாள் வேண்டும். இதைக் கேட்ட ஜெசிந்தாக்கா மீன் வெட்டும் கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னா:

"ஆண்டவர் ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்வெடுத்தவர். உம்மடை ஓட்டோ ஆறு நாள் ஓய்வெடுத்து ஏழாம் நாள் வேலை செய்யுது. உது ஆற்றை கட்டளை, வெய்யிலர்?"

என்றாலும் தங்கள் கோவில் பெருநாளுக்குப் போக அவவே அந்த ஓட்டோவில்தான் ஏறினா. கூலி இல்லாத பயணம். வழியில் முகில் மறைத்த இடத்திலெல்லாம் வெய்யிலர் நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார். ஜெசிந்தாக்கா செபமாலையை மூன்று தரம் சொல்லி முடித்தா. முல்லைத்தீவு போய்ச் சேர்ந்தபோது பற்றரி வறண்டு போயிருந்தது. திரும்பி வரச் சார்ஜ் ஏறவேண்டுமே. கடற்கரையில் ஓட்டோவை விட்டுவிட்டு, ஜெசிந்தாக்கா வீட்டில் மீனும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு ஐந்து நாள் இருந்தார். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தவரைக் கமலமக்கா வாசல் படலையடியில் மறித்தா.

"இன்னும் ரெண்டு நாள் பிந்தியிருந்தால் நான் தாலியைக் கழட்டி வைச்சிருப்பன்."

"சீ, என்ன கதை கதைக்கிறீர்! அங்கை ரெண்டு நாள் முகில்."

இதுவரை எழுதியதைப் படித்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். எழுதும்போது நானும் சிரித்தேன். இனி வருவது எனக்குச் சிரிப்பு வராத பகுதி.

என்ஜினைக் கழற்றிய ஓட்டோவைக் கூலிக்கு ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. பரந்தன் சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் மறித்து வாகனப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு வாகனத்தைப் பார்த்தார்.

"என்ஜின் நம்பர் எங்க?"

"என்ஜினே இல்லை, சேர்."

"என்ஜின் இல்லாம எப்பிடி வந்த?"

"வெய்யிலிலை வந்தனான், சேர்."

அந்தப் பொலிஸ்காரர் அவரைக் கோபிக்கவில்லை. மாற்றம் செய்ததற்கு அனுமதி எடுக்கும்வரை கூலிக்கு ஆட்களை ஏற்றக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஆனால் ஆட்களை ஏற்றாத ஓட்டோவை வைத்துக்கொண்டு ஓட்டோக்காரர் என்ன செய்வது? மாதங்கள் போயின. கமலமக்கா விடியவே எழும்பி அப்பம் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்தா. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவவால்தான். வெய்யிலர் பகிடி விடுவதைக் குறைத்துக்கொண்டார். அனுமதி கிடைத்தால் குடும்பம் நிமிரும், இல்லையென்றால் கழற்றிய என்ஜினைத் திரும்பப் பூட்டவேண்டும் என்ற நிலைமை.

விண்ணப்பங்களை நான்தான் எழுதினேன். வெய்யிலருக்கு வாயால் சொல்லத் தெரிந்த அளவுக்கு எழுதத் தெரியாது. நாலு கடிதம் போனபிறகு, கிளிநொச்சியில் வாகனம் பரிசோதிக்கும் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வாகனத்தைக் கொண்டுவரவும். வாகனம் தர்மபுரத்திலிருந்து தன் சொந்த ஓட்டத்தில் வரவேண்டும். கட்டி இழுத்தோ தள்ளியோ கொண்டுவரும் வாகனம் பரிசோதிக்கப்படமாட்டாது.

கடிதம் கையில் கிடைத்தது திங்கட்கிழமை பின்னேரம். அன்றுதான் அவர், முன்னே சொன்ன அந்தப் பெருநாள் பயணம் முடிந்து, முல்லைத்தீவிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். பற்றரியில் ஒன்றும் இல்லை. பற்றரிக்குக் கரண்டில் சார்ஜ் போடும் கருவி எதுவும் அவர் வைத்திருக்கவில்லை. வைத்திருப்பதையே அவமானமாக நினைத்தவர். தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சி பதினெட்டுக் கிலோமீற்றர். வெய்யிலர் கொப்பியை எடுத்து, செவ்வாய், புதன் இரண்டு நாள் வெய்யிலையும் மணித்தியாலக் கணக்கில் பிரித்து எழுதினார்.

"ரெண்டு நாள் முழு வெய்யில் கிடைச்சால் பத்தொன்பது ஓடும்," என்றார். "போய்ச் சேர்ந்து ஒரு கிலோமீற்றர் மிச்சம் இருக்கும். அந்த அதிகாரி ஒருக்கா ஓட்டிப் பாக்கவும் வேணும் எல்லோ."

அவருடைய வீட்டு வளவில் கமலமக்காவின் பலாமரம் நிழல் விரித்து நின்றது. அதில் கை வைத்தால் வீட்டில் சோறு இல்லை. எனவே வழக்கம்போல ஓட்டோவை எங்கள் அலுவலக முற்றத்தில் விட்டார். காலையிலிருந்து மாலைவரை வெய்யில் விழும் இடத்தை அவரே அளந்து தெரிந்தெடுத்தார். செவ்வாய்க்கிழமை முழுவதும் தடியோடு பக்கத்தில் நின்று பூனை கலைத்தார். புதன்கிழமை விசுவமடுவில் ஒரு கடிதத்துக்குக் கையெழுத்து வாங்கவேண்டியிருந்ததால், "கிளாக்கர் தம்பி, ஒருக்கா பாத்துக்கொள்ளும்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். தடியையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு நிழல் நகர்ந்தது. அன்று வண்டிகளைத் தள்ளுவது என் முறை. ஏழு மோட்டார் சைக்கிளையும் தள்ளி நிழலுக்குள் விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஓட்டோ தனியாக வெய்யிலில் நிற்கிறது. சீற்றைத் தொட்டேன், கை சுட்டது. நாளைக்குச் சோதனைக்குப் போகிற வாகனம், பாவம், கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். பிறேக்கை இளக்கி, தள்ளிக்கொண்டு போய், வேம்பின் நல்ல நிழல் விழும் இடத்தில் விட்டேன். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்க் கோப்பைத் திறந்தேன்.

நாற்பது தரம் விளங்கப்படுத்தியிருந்தார் என்று சொன்னேன் அல்லவா? எனக்கு விளங்கியுமிருந்தது. கைக்குத்தான் விளங்கவில்லை. பத்து வருசம் ஒவ்வொரு நாளும் வண்டியை நிழலுக்குத் தள்ளிய கை என்னைக் கேட்காமலே அந்த வேலையைச் செய்துவிட்டது. இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், நான் நம்பவேண்டியிருக்கிறது.

மூன்று மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தபோதுதான் கண்டேன். ஓட்டோ நிழலில் நின்றது. கோப்பையைப் படியில் வைத்துவிட்டு ஓடிப்போய் ஓட்டோவைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். கூரையில் கிடந்த வேப்பம் சருகுகளைத் தட்டிவிட்டேன். உச்சி வெய்யில் நாலு மணித்தியாலம் போய்விட்டது. மிச்ச வெய்யில் போதும், எப்படியோ போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலரைக்கு வெய்யிலர் வந்தார். ஓட்டோவை ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். மீற்றரைப் பார்த்தார். "நாளைக்கு எட்டரைக்கு வாரும், நீரும் வரவேணும். கடிதம் எழுதின ஆள் எல்லோ," என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை நான் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். கமலமக்கா ஓட்டோவின் நெற்றியில் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி அனுப்பினா. சந்தியடியில் ஜெசிந்தாக்கா கை காட்டினா. வெய்யிலர் ஓட்டினார். ஓட்டினார் என்பதைவிட ஓட்டோ நடந்தது என்று சொல்வது பொருந்தும். முரசுமோட்டையில் ஒரு கிழவர் சைக்கிளில் எங்களை முந்திப் போனார். பின் கரியரில் ஒரு மூட்டை மாட்டுத் தீனும் இருந்தது. முந்தும்போது திரும்பிப் பார்த்து, "ஏதும் உதவி வேணுமோ?" என்று கேட்டார்.

"அண்ணை, கொஞ்சம் விரைவாய்ப் போகேலாதோ?" என்றேன். "பத்து மணி எல்லோ சொன்னது."

"மெல்லமாய்ப் போனால் தூரம் கூடப் போகும், தம்பி."

அவருடைய கண் மீற்றரில் இருந்தது. என்னுடைய கண்ணும் அதில்தான் இருந்தது. பரந்தன் சந்தி தாண்டியது. எனக்கு மூச்சு வந்தது. கரடிப்போக்குச் சந்தியை நெருங்கும்போது மோட்டாரின் சத்தம் இறங்கியது. இன்னும் ஒரு ஐம்பது மீற்றர் உருண்டோம். பிறகு நின்றுவிட்டோம். அலுவலகத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீற்றர் இருந்தது.

வெய்யிலர் இறங்கி, வானத்தை ஒரு தரம் பார்த்தார். அன்று பார்த்து ஒரு முகில்கூட இல்லை. அரை மணித்தியாலம் நின்று பார்த்தோம். கால் கிலோமீற்றர் ஓடியது. மறுபடி நின்றது. பத்து மணி ஆகிவிட்டது. அவர் ஹாண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் நின்று தள்ளினேன். ஏ-ஒன்பது வீதியில் பஸ்களும் லொறிகளும் கோர்ண் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போயின. என் புதுச் சேட்டு முதுகோடு ஒட்டியது. இவ்வளவு நடந்தும் நிழலில் விட்ட கதையை நான் சொல்லவில்லை.

அலுவலக வாசலுக்கு அந்த அதிகாரியே வந்துவிட்டார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருவருக்கும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"என்ன நடந்தது? நல்லாய் ஓடும் எண்டு எல்லோ கடிதத்திலை எழுதியிருந்தது?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன் வெய்யிலர் சொல்லிவிட்டார்.

"என்ரை கணக்குப் பிழைச்சுப் போச்சு, சேர்."

அதிகாரி கோப்பைத் திறந்தார். "கணக்குப் பிழைக்கிற வாகனத்திலை சனத்தை ஏத்த விடேலாது தானே, ஐயா," என்றார். கோப்பில் அதையே எழுதினார். வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றார்.

அலுவலகக் கதை எனக்குத் தெரியும். வெளியாள் ஒருவனால் வந்த தடங்கல் என்று தெரிந்தால் நாங்கள் இன்னொரு திகதி கொடுப்போம். விண்ணப்பகாரரின் சொந்தப் பிழை என்றால் கோப்பை மூடிவிடுவோம். "சேர், நேற்று இந்த வாகனத்தை நிழலில் விட்டது நான்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அடுத்த திங்கட்கிழமையே திகதி கிடைத்திருக்கும். அந்த அதிகாரிக்கு என்னைத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கிளாக்கர், விசயம் தெரிந்தவன், கடிதம் எழுதிக் கொடுத்தவன், இப்படி ஒரு மடைத்தனம் செய்தேன் என்று அவர் முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை. தண்ணீர்க் கோப்பையைத் திரும்பக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு புதிய விண்ணப்பம் எழுதித் தரும்படி அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது. இரண்டு மாதத்தில் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. பெற்றோலும் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. வெய்யிலர் என்ஜினைத் திரும்பப் பூட்டிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். மோட்டார் வவுனியா நானாவின் கடைக்கே போனதாம். தகடுகள் ஜெசிந்தாக்காவின் மீன் கடைக்கு வெளிச்சம் கொடுக்கின்றனவாம்.

போன மாதம் ஒரு செத்த வீட்டுக்காகத் தர்மபுரம் போனேன். சந்தியில் இறங்கியதும் ஓட்டோ வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கிளாக்கர்! ஏறும், ஏறும்!"

வெய்யிலருக்குத் தலை முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஓட்டோ புகை விட்டது, சத்தம் போட்டது, மற்ற ஓட்டோக்களைப்போல விரைவாகப் போனது. எனக்கு அதில் இருக்கவே பிடிக்கவில்லை. செத்த வீடு முடிந்து தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கமலமக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு உங்கடை ஓட்டோவை வேம்புக்குக் கீழை தள்ளி விட்டது நான்."

"ஓம், தெரியும்."

"எப்ப தெரியும்?"

"புதன்கிழமை பின்னேரமே தெரியும். மணலிலை மூண்டு சில்லுத் தடம் வேம்படிக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. பக்கத்திலை உம்மடை சப்பாத்துத் தடம். வேறை ஆற்றை சப்பாத்து அந்த முற்றத்திலை ஒரு பக்கம் தேஞ்சிருந்தது?"

"அப்ப போய்ச் சேராது எண்டு தெரிஞ்சுதானோ வெளிக்கிட்டனீங்கள்?"

"மெல்லமாய்ப் போனால் போய்ச் சேரலாம் எண்டு ஒரு நப்பாசை. கிட்ட வந்திட்டம் எல்லோ?"

"ஏன் அண்ணை அந்தச் சேரிட்டைச் சொல்லேல்லை? சொல்லியிருந்தால் இன்னொரு திகதி தந்திருப்பார்."

வெய்யிலர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"நீர் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்திலை நிக்கிறீர். உம்மைக் காட்டிக் குடுத்து எனக்கு ஓட்டோ ஓடவேணுமே?" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். "உந்த முற்றத்திலை எத்தினை நாள் விட்டிருப்பன், தம்பி. எல்லாற்றை வண்டியையும் தள்ளுவினம், என்ரையை ஒருத்தரும் தொடமாட்டினம். அது வெய்யிலிலை நிக்கவேணும் எண்டு தெரிஞ்சு விட்டவையில்லை. விசரன்ரை சாமான், கிடக்கட்டும் எண்டு விட்டவை. அதையும் ஒரு வாகனமாய் எண்ணித் தள்ளினது நீர் ஒராள்தான். எனக்கு அந்தத் தடத்தைப் பாக்க ஒரு பக்கம் வயித்தெரிச்சல், ஒரு பக்கம் சந்தோசம்."

கமலமக்கா குசினிக்குள் எழும்பிப் போனா. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவர் அதற்குள் எழும்பி, எனக்கு பஸ் தவறிவிடும் என்று ஓட்டோவை எடுக்கப் போய்விட்டார்.

கிளிநொச்சியில் அந்தக் கோப்பு இன்னும் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கும். அதில் எழுதியதைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். புதன்கிழமை நாலு மணித்தியால வெய்யிலை நான் கெடுக்காமல் இருந்திருந்தால் அந்த ஓட்டோ அலுவலக வாசலுக்குத் தன் ஓட்டத்திலேயே போயிருக்கும். அதிகாரி ஒருக்கா ஓட்டிப் பார்க்க ஒரு கிலோமீற்றர் மிச்சமும் இருந்திருக்கும். வெய்யிலரின் கணக்கு சரியாகத்தான் இருந்தது.